பாய்லர் பழுதுக்கு நாங்கள் ஏன் பணம் கட்ட வேண்டும்? ஜெர்மனியில் வாடகைக்கு இருக்கும் ஒரு வாசகிக்குப் பதில்

ஸ்டுட்கார்ட் அருகேயுள்ள ஓர் ஊரிலிருந்து வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கணவர், இரண்டு வயது மகனுடன் மூன்று வருடங்களாக ஒரு பழைய அடுக்குமாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். வாடகை 1,150 யூரோ, அதற்கு மேல் நேபன்கோஸ்டன், அதாவது கட்டடத்தின் நடப்புச் செலவுகளில் குடியிருப்பவர் கட்டும் பங்கு, 250, ஆக மாதம் 1,400. முன்பணம் 3,450 யூரோ. போன டிசம்பரில் குளியலறைச் சுவரில் இருக்கும் கேஸ் பாய்லர் நின்றுபோனது. ஒன்பது நாள் சூடேற்றியும் இல்லை, வெந்நீரும் இல்லை. கடைசியில் ஆள் வந்து உள்ளே ஒரு மின்பலகையை மாற்றினார். பில் 684 யூரோ. "ஒப்பந்தத்தில் சின்னப் பழுதுகள் உங்கள் பொறுப்பு என்று இருக்கிறது, குறைந்தது 120 யூரோவாவது கட்டுங்கள், நியாயமாகப் பார்த்தால் பாதி கட்ட வேண்டும்" என்கிறார் வீட்டுக்காரர். இதற்கிடையில் படுக்கையறை மூலையில், அலமாரிக்குப் பின்னால், பூஞ்சை பிடித்திருக்கிறது. அக்டோபரிலேயே பார்த்துவிட்டு வினிகர் போட்டுத் துடைத்திருக்கிறார். பிப்ரவரியில் சுவர் பாதிக்குப் பரவிவிட்டது. "நீங்கள் சமைக்கிற சமையலும், வீட்டுக்குள் துணி காயப்போடுவதும்தான் காரணம்" என்று வீட்டுக்காரர் எழுதியிருக்கிறார். சமையலறை அடுப்பும் வேலை செய்யவில்லை. வருடாந்திர நேபன்கோஸ்டன் கணக்கில் மழைநீர்க் குழாய் பழுதுபார்த்தது 96 யூரோ, நிர்வாகக் கட்டணம் 140 யூரோ என்று இரண்டு வரிகள் வந்திருக்கின்றன. வரும் அக்டோபர் கடைசியில் எப்படியும் வீடு மாறப்போகிறார்கள். "அதுவரை வாடகையை நிறுத்திவிடலாம், முன்பணத்தில் கழித்துக்கொள்ளட்டும்" என்கிறார் கணவர். "வீட்டுக்காரரோடு சண்டை போட்டால் விசாவுக்குப் பிரச்சினை வருமோ என்று பயமாக இருக்கிறது" என்று கடிதம் முடிகிறது.

அன்புள்ள சகோதரி,

பயத்திலிருந்தே தொடங்குகிறேன். வீட்டுக்காரரோடு உங்களுக்கு இருப்பது சிவில் தகராறு. பழுதைப் பற்றிக் கடிதம் எழுதியதற்காகவோ, வழக்கே போட்டதற்காகவோ உங்கள் வசிப்பு அனுமதியில் யாரும் கைவைக்க முடியாது. புகார் செய்தார் என்ற காரணத்துக்காக வீட்டைக் காலி செய்யச் சொல்லவும் முடியாது. ஜெர்மனியில் வீட்டுக்காரர் ஒப்பந்தத்தை முடிக்க வேண்டுமானால் சட்டம் ஏற்கும் காரணம் வேண்டும்: சொந்தக் குடும்பத்துக்கு வீடு தேவை, வாடகை பாக்கி, இப்படி ஏதாவது. நம் ஆட்கள் பலர் இந்தப் பயத்தினாலேயே கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்கிறார்கள். அது வேண்டாம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மகனின் கட்டில் அந்தப் பூஞ்சை அறையில்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இன்று இரவே அதை வேறு அறைக்கு மாற்றுங்கள். இருமல் இருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டி, அவர் எழுதித் தரும் தாளைப் பத்திரப்படுத்துங்கள். சட்டம் பேச நிறைய நேரம் இருக்கிறது.

நம் ஊர் கணக்கும் அந்த ஊர் கணக்கும்

உங்கள் கடிதத்தில் ஓர் அனுமானம் அடியில் ஓடுகிறது: வீட்டில் குடியிருப்பவர்தான் வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும், பெரிய செலவு என்றால் ஓனரோடு பேசிப் பங்கு போட்டுக்கொள்ளலாம். சென்னையிலும் கோவையிலும் அப்படித்தான் வளர்ந்தோம். மோட்டார் ரிப்பேர் என்றால் குடியிருப்பவர்கள் சேர்ந்து காசு போடுவோம். காலி செய்யும்போது பெயிண்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள், நாமும் கேட்க மாட்டோம்.

ஜெர்மன் சிவில் சட்டத் தொகுப்பின் 535ஆவது பிரிவு வேறு மாதிரி சொல்கிறது. வீட்டைக் குடியிருக்கத் தகுந்த நிலையில் ஒப்படைப்பதும், வாடகைக் காலம் முழுக்க அதே நிலையில் வைத்திருப்பதும் வீட்டுக்காரர் கடமை. நீங்கள் மாதாமாதம் கொடுக்கும் வாடகைக்கு ஈடாக அவர் செய்ய வேண்டிய வேலையில் பழுதுபார்ப்பதும் சேர்ந்தே இருக்கிறது. சாதாரணமாகப் புழங்கியதால் வரும் தேய்மானமும் உங்கள் பொறுப்பு இல்லை என்று 538ஆவது பிரிவு தனியாகவே சொல்கிறது. ஒப்பந்தத்தில் விதிவிலக்கு எழுதலாம்தான். ஆனால் அந்த விதிவிலக்குகளை நீதிமன்றங்கள் மிகக் குறுகலாகவே படிக்கின்றன.

பாய்லர் பில்

வீட்டுக்காரர் காட்டும் வாசகத்துக்கு அங்கே க்ளைன்ரெப்பராட்டூர் விதி என்று பெயர். சின்னப் பழுதுகளின் செலவைக் குடியிருப்பவர் மீது போடும் விதி இது. செல்லுபடியாக வேண்டுமானால் மூன்று இருக்க வேண்டும். நீங்கள் கையால் அடிக்கடி தொட்டுப் புழங்கும் பொருளாக இருக்க வேண்டும்: தண்ணீர்க் குழாய், மின்சுவிட்ச், கதவுக் கைப்பிடி, ஜன்னல் கொக்கி, ஜன்னல் ஷட்டரின் பட்டை. ஒரு பழுதுக்கு உச்சவரம்பு எழுதியிருக்க வேண்டும். நூறு யூரோவை ஒட்டிய தொகையை, சில நீதிமன்றங்களில் 120 வரைகூட, ஏற்றிருக்கிறார்கள். ஆண்டுக்கும் ஓர் உச்சவரம்பு வேண்டும்.

பாய்லருக்குள் இருக்கும் மின்பலகையை நீங்கள் தினமும் தொட்டுப் புழங்குகிறீர்களா? மூடியைக்கூடத் திறக்கக் கூடாது. ஆக விதி இங்கே பொருந்தாது.

பொருந்துவதாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் 120 யூரோ கிடையாது. பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். உச்சவரம்பு 120 என்றால், "பில் எவ்வளவு வந்தாலும் முதல் 120 உங்களுடையது" என்று பொருள் இல்லை. பில் 120க்குள் இருந்தால் மட்டுமே அது சின்னப் பழுது. ஒரு யூரோ தாண்டினாலும் முழு பில்லும் வீட்டுக்காரருடையது. 684 யூரோ பில்லில் உங்கள் பங்கு பூஜ்யம். "நியாயமாகப் பாதி" என்று அவர் கேட்கும் 342 யூரோவுக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

இன்னும் ஒன்று: அந்த ஒன்பது நாளுக்கு நீங்கள்தான் அவரிடம் பணம் கேட்க வேண்டியவர். வீட்டில் குறை இருக்கும் காலத்துக்கு வாடகை தானாகவே குறைகிறது என்கிறது 536ஆவது பிரிவு. அவர் சம்மதம் தேவையில்லை. குறையைத் தெரிவித்திருந்தால் போதும். எவ்வளவு சதவீதம் என்று சட்டத்தில் பட்டியல் கிடையாது, நீதிபதிக்கு நீதிபதி மாறும். ஆனால் நடுக்குளிரில் சூடேற்றி முழுவதுமாக நின்றுபோன வழக்குகளில் பாதியும் அதற்கு மேலும் குறைத்திருக்கிறார்கள். கணக்கு நேபன்கோஸ்டனையும் சேர்த்த முழு வாடகை மீது. 1,400 யூரோவை 31 நாளால் வகுத்து ஒன்பதால் பெருக்கினால் சுமார் 406. அதில் பாதி என்று வைத்தாலே 203 யூரோ.

டிசம்பர் வாடகையை முழுதாகக் கட்டிவிட்டோமே என்கிறீர்கள். குறைக்கும் உரிமை இருப்பது தெரியாமல் கட்டியிருந்தால் திருப்பிக் கேட்கத் தடையில்லை. தெரிந்துகொண்டே ஒன்றும் சொல்லாமல் கட்டுகிறவருக்குத்தான் சிக்கல். இனிமேல் உங்களுக்குத் தெரியும். ஆகவே அடுத்த மாதத்திலிருந்து, பூஞ்சை சரியாகும் வரை, வாடகையை முழுதாக அனுப்புங்கள். கூடவே "உண்டர் ஃபோர்பெஹால்ட்", அதாவது உரிமையை விட்டுக்கொடுக்காமல் கட்டுகிறேன், என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.

பாய்லர் நின்ற அன்று வீட்டுக்காரருக்கு ஃபோன் செய்தீர்கள், மறுநாள் வாட்ஸ்அப்பில் செய்தியும் போட்டீர்கள். அந்தச் செய்திதான் உங்கள் சாட்சி. ஃபோனை மாற்றுவதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

சுவரில் பூஞ்சை

இதில் உங்கள் பக்கம் ஒரு பலவீனம் இருக்கிறது. அக்டோபரில் பார்த்தீர்கள், பிப்ரவரி வரை சொல்லவில்லை. குறை கண்ணில் பட்டவுடன் தெரிவிக்க வேண்டியது குடியிருப்பவர் கடமை; 536சி பிரிவு. தெரிவிக்காததால் சேதம் பெரிதானால் அந்தக் கூடுதல் சேதத்துக்கு அவர் உங்களிடம் ஈடு கேட்க முடியும். அந்த மாதங்களுக்கு வாடகைக் குறைப்பும் கேட்க முடியாது. "சின்ன விஷயத்துக்கெல்லாம் ஓனரைத் தொந்தரவு செய்வானேன்" என்ற நல்லெண்ணத்தில் துடைத்தீர்கள் என்று புரிகிறது. நீங்கள் அனுப்பிய முதல் படத்தில் தாளிக்கும் கடுகு சிதறியது போல நாலைந்து கரும்புள்ளிகள்தான் இருக்கின்றன. அன்றைக்கே ஒரு மின்னஞ்சல் போயிருந்தால் வழக்கு வேறு மாதிரி இருந்திருக்கும். பிப்ரவரியில் எழுதிவிட்டீர்கள் அல்லவா, அன்றிலிருந்து உரிமை உண்டு.

இனி, யார் காரணம்? சமையல்தான் காரணம் என்று அவர் சொல்லிவிட்டால் முடிந்துவிடாது. கட்டடத்தில் குறையில்லை, ஈரம் சுவர் வழியாகவோ கூரை வழியாகவோ வரவில்லை என்று முதலில் நிரூபிக்க வேண்டியது அவர். அதை நிரூபித்த பிறகுதான், சரியாகச் சூடேற்றிக் காற்றோட்டம் கொடுத்தோம் என்று காட்ட வேண்டிய முறை உங்களுடையது. இட்லி வேகவைத்தது, சாம்பார் கொதித்தது, குழந்தை துணியை ஸ்டாண்டில் காயப்போட்டது, இவை எல்லாம் ஒரு குடும்பம் வாழும் சாதாரண வாழ்க்கை. தன்னளவில் அது குற்றமில்லை.

அதே சமயம் ஒரு தீர்ப்பை உங்களிடம் மறைக்கக் கூடாது. 2018 டிசம்பரில் கார்ல்ஸ்ரூவில் இருக்கும் கூட்டாட்சி நீதிமன்றம், பழைய கட்டடத்தின் சுவர்மூலை குளிர்ந்து கிடப்பது மட்டுமே குறையாகாது என்று சொன்னது. கட்டிய காலத்து விதிகளின்படி கட்டியிருந்தால் போதும். வெப்பக்காப்பு இல்லாத 1960களின் கட்டடம் உங்களுடையது. "இந்தக் காலத்து வீடு போல மூலை சூடாக இருக்க வேண்டும்" என்று கேட்க முடியாது. ஆகவே உங்கள் பக்கத்துப் பழக்கத்தைக் கேள்விக்கு இடமில்லாமல் வைத்துக்கொள்வது முக்கியம்.

உங்கள் படத்தில் இரண்டு விஷயம் பார்த்தேன். ஒன்று, ஜன்னல் மேல்பக்கம் சாய்த்துத் திறந்திருக்கிறது. குளிர்காலத்தில் நாள் முழுக்க அப்படியே விடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நல்ல காற்று வரட்டும் என்று நம்மவர்கள் செய்வது இது. உள்ளதைக் கெடுப்பதும் இதுதான்: காற்று மாறுவது கொஞ்சம், ஜன்னலைச் சுற்றிய சுவர் குளிர்வது அதிகம், அந்தக் குளிர்ந்த சுவரில் அறையின் ஈரம் வியர்வை போலப் படிகிறது. அதற்குப் பதில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை, ஐந்து முதல் பத்து நிமிடம், ஜன்னலை முழுதாக அகலத் திறங்கள், எதிர்ப்பக்க ஜன்னலையும் சேர்த்து. குக்கர் வைத்ததும் சமையலறைக் கதவைச் சாத்துங்கள். இரண்டு, அலமாரி வெளிச்சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது. ஒரு சாண் இழுத்துப் போடுங்கள், முடிந்தால் உள்சுவருக்கே மாற்றுங்கள். பத்து பதினைந்து யூரோவுக்கு ஈரமானி கிடைக்கும். அதில் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். காலை மாலை அளவைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். நாளை நிபுணர் வந்தால் அந்த நோட்டு உங்களுக்காகப் பேசும்.

அவருக்கு எழுதும் கடிதத்தில் நான்கு விஷயம் போதும்: எந்த அறை, எந்தச் சுவர், எத்தனை பெரிது என்ற விவரம்; படங்கள்; எந்தத் தேதிக்குள் சரிசெய்ய வேண்டும் என்ற கெடு (இரண்டு வாரம் கொடுக்கலாம்); வாடகையை உரிமை விட்டுக்கொடுக்காமல் கட்டுகிறோம் என்ற வரி. மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுப் பதிவுத் தபாலிலும் போடுங்கள். ஆளை நீங்களே கூப்பிட்டுச் சரிசெய்துவிட்டு பில்லை அவருக்கு அனுப்பும் யோசனை வேண்டாம். கெடு கொடுத்து அது தாண்டிய பிறகோ, தண்ணீர்க் குழாய் வெடித்தது போன்ற அவசரத்திலோ தவிர, அந்தப் பணம் திரும்பாது. 2008இல் அதே கூட்டாட்சி நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

அடுப்பும் கைகழுவும் தொட்டியும்

அடுப்பு உங்கள் செலவுதான். முந்தைய குடியிருப்பாளரிடமிருந்து சமையலறையை 1,800 யூரோ கொடுத்து வாங்கினீர்கள். ஜெர்மனியில் பல வீடுகள் வெறும் சுவரோடுதான் வாடகைக்கு வரும். வாங்கிய சமையலறை உங்கள் சொத்து, பழுதும் உங்களுடையது. காலி செய்யும்போது அடுத்தவருக்கு விற்கலாம். சமையலறையை வீட்டுக்காரரே சேர்த்து வாடகைக்கு விட்டிருந்தால் கதை வேறு.

தேங்காய் எண்ணெய் பாட்டில் தவறி விழுந்து கைகழுவும் தொட்டி விரிசல் விட்டதாகக் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். குளிரில் உறைந்த பாட்டில் கல்லுக்குச் சமம்! இது தேய்மானம் இல்லை, உங்கள் கையால் ஆன சேதம். நீங்கள்தான் ஈடு கட்ட வேண்டும். ஆனால் புதுத் தொட்டியின் முழு விலை இல்லை, பழைய தொட்டியின் வயதுக்கு ஏற்பக் கழித்த விலை. உங்களிடம் தனிநபர் பொறுப்புக் காப்பீடு இருந்தால், வாடகை வீட்டுச் சேதம் அதில் அடங்குகிறதா என்று பாருங்கள். அடங்கினால் வீட்டுக்காரரிடம் பணம் கொடுப்பதற்கு முன் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

நேபன்கோஸ்டன் வரிகள் பற்றிச் சுருக்கமாக: எதை வசூலிக்கலாம் என்று தனி ஆணையே இருக்கிறது, அதில் பழுதுபார்ப்பும் நிர்வாகச் செலவும் கிடையாது. ஆக 96 யூரோவும் 140 யூரோவும் சேர்ந்த 236 யூரோவை ஆட்சேபிக்கலாம். பாய்லரின் வருடாந்திர சர்வீஸ், புகைபோக்கி சோதனை, மாடிப்படி சுத்தம் ஆகியவை உங்கள் கணக்கில் வரலாம். சர்வீஸ் வேறு, ரிப்பேர் வேறு. 2024 ஜூலை முதல் கேபிள் டிவி கட்டணத்தையும் இப்படிச் சேர்க்கக் கூடாது. கணக்குக் கைக்கு வந்து பன்னிரண்டு மாதத்துக்குள் ஆட்சேபம் எழுத வேண்டும். ரசீதுகளைப் பார்க்கவும் உரிமை உண்டு.

வாடகையை நிறுத்தலாமா?

கூடாது. உங்கள் கணவரிடம் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள்.

உங்கள் பக்கம் நியாயம் இத்தனை இருக்கும்போது, அதை வீட்டுக்காரர் கையில் தூக்கிக் கொடுக்கும் ஒரே செயல் வாடகையை நிறுத்துவது. அடுத்தடுத்து இரண்டு மாதத்தில் ஒரு மாத வாடகைக்கு மேல் பாக்கி விழுந்தாலே, முன்னறிவிப்பே இல்லாமல் ஒப்பந்தத்தை முறிக்க அவருக்குச் சட்டம் உரிமை தருகிறது. பூஞ்சைக்கு இவ்வளவு சதவீதம் குறையும் என்று நீங்களாகக் கணக்குப் போட்டுப் பிடித்து, நீதிபதி அதில் பாதிதான் என்று சொல்லிவிட்டால், மீதி எல்லாம் பாக்கி. அதனால்தான் முழுதாகக் கட்டிவிட்டுத் திருப்பிக் கேளுங்கள் என்கிறேன்.

முன்பணத்தில் கழிப்பதும் நம் ஊர்ப் பழக்கம்தான். "அட்வான்ஸ்ல கழிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கடைசி மாதங்களை ஓட்டுவோம். ஜெர்மனியில் அந்த வைப்புத்தொகை வீட்டைத் திருப்பிக் கொடுத்த பிறகு வரும் கணக்குக்கானது. மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது, தனிக் கணக்கில் வட்டியோடு வைக்க வேண்டும் என்று அவரைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது; அதே போல் நீங்களும் அதைக் குடியிருந்து கழிக்க முடியாது. புது வீடு தேடும்போது வாடகை பாக்கி இல்லை என்ற சான்றைப் புது வீட்டுக்காரர் கேட்பார் என்பதும் நினைவிருக்கட்டும். அதை எழுதித் தரக்கூடியவர் இவர்தான்.

தனியாகப் போராட வேண்டாம். உங்கள் நகரில் மீட்டர்ஃபெரைன் என்ற குடியிருப்போர் சங்கம் இருக்கும். ஆண்டுச் சந்தா கட்டி உறுப்பினரானால் அவர்களுடைய வழக்கறிஞர்கள் ஒப்பந்தத்தைப் படித்து வீட்டுக்காரருக்குக் கடிதமும் எழுதித் தருவார்கள். பெரும்பாலான வீட்டுக்காரர்கள் அந்தக் கடிதத்தோடு பேச்சை மாற்றிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

காலி செய்யும்போது

வீடு முழுக்க வெள்ளை அடித்துக் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது என்கிறீர்கள். குடிவந்த நாளில் சுவர்கள் மஞ்சளித்து, ஆணித் துளைகளோடு இருந்ததாகவும் படங்கள் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். 2015 மார்ச்சில் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது: பெயிண்ட் அடிக்காத வீட்டை, அதற்குத் தகுந்த ஈடும் தராமல் கொடுத்தவர், குடியிருப்பவர் மீது பெயிண்ட் வேலையைச் சுமத்த முடியாது. ஆனால் வீடு அப்படி இருந்தது என்று காட்ட வேண்டியது நீங்கள். அந்தப் படங்களும், குடிவந்த அன்று இருவரும் கையெழுத்திட்ட ஒப்படைப்புக் குறிப்பும் தங்கத்துக்குச் சமம்.

மகன் அறைக்கு மட்டும் கிளிப்பச்சை அடித்தீர்கள் அல்லவா? அதை நீங்கள்தான் வெளிர்நிறத்துக்கு மாற்ற வேண்டும். அழுத்தமான நிறத்தோடு திருப்பிக் கொடுத்தால் ஈடு கேட்பார், நீதிமன்றமும் அவர் பக்கம் நிற்கும்.

அக்டோபர் கடைசியில் காலி செய்வதானால் ஆகஸ்ட் மாதத்தின் மூன்றாவது வேலை நாளுக்குள் உங்கள் கடிதம் அவர் கையில் சேர்ந்திருக்க வேண்டும். மின்னஞ்சலும் வாட்ஸ்அப்பும் இதற்குச் செல்லாது. தாளில், பேனாவால் இட்ட கையொப்பம் வேண்டும். ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருப்பதால் உங்கள் கணவரும் நீங்களும், இரண்டு பேரும் கையெழுத்திடுங்கள். சாவி கொடுக்கும் நாளில் ஒவ்வொரு சுவரையும், மின்சாரம், கேஸ், தண்ணீர் மீட்டர் அளவுகளையும் படமெடுங்கள். வீட்டுக்காரர் நீட்டும் தாளில் புரியாத ஜெர்மன் வரி ஒன்று இருந்தாலும் அங்கேயே கையெழுத்துப் போடாமல், படித்துவிட்டு அனுப்புகிறேன் என்று சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.